கோடியக்கரையில பாத்த குதிரைக்குட்டி, அது காட்டுக்குதிரையா?

திருத்துறைப்பூண்டி அம்மா:

போன ஞாயித்துக்கெழமை வேதாரண்யத்துல சொந்தக்காரங்க வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தோம், அப்படியே கோடியக்கரை சரணாலயத்தையும் பாத்துட்டு வந்துரலாம்னு கெளம்பினோம். வெளிமான் பாக்கத்தான் போனது, ஆனா மூணாவது படிக்கிற என் பொண்ணு மானை ஒரு தடவை பாத்ததோட சரி, அங்க மேஞ்சிட்டிருந்த குதிரைங்களை விட்டு நகரவே மாட்டேன்னுட்டா. ஆறு உருப்படி இருக்கும், அதுல ஒண்ணு குட்டி. அந்தக் குட்டி காலை நீட்டிப் போட்டு தரையோட தரையா கெடக்குது, மூச்சு இருக்கா இல்லையான்னே தெரியல, தாய் பத்தடி தள்ளி புல்லு கடிச்சிட்டு நிக்குது. இவ அழ ஆரம்பிச்சுட்டா. கால் மணி நேரம் கழிச்சு தானா எழுந்திரிச்சு பால் குடிச்சுச்சு, அப்பாடான்னு நெனச்சா நேரா போயி தாய் போட்ட சாணியை மோந்து பாத்து திங்க ஆரம்பிச்சுருச்சு. எனக்கு மனசே சரியில்ல. தீனி இல்லாம பட்டினி கெடக்குதா? பக்கத்துல நின்ன ஒரு குடும்பம் கொண்டு வந்த புளிசாதத்தை அள்ளிப் போட்டாங்க, அது சரியா? அப்புறம் இதெல்லாம் காட்டுக்குதிரையா, அங்க எல்லாரும் மட்டக்குதிரைன்னு சொல்றாங்களே, அப்ப அந்தக் குட்டி வளந்தா பெரிய குதிரை ஆகாதா? பொண்ணு தெனமும் கேக்குறா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஒரத்தநாடு கால்நடை:

அக்கா பயப்படாதீங்க, நீங்க சொல்றதை வச்சுப் பாத்தா அது நல்லா இருக்குற குட்டி. பெரிய குதிரை நின்னுக்கிட்டே தூங்கும், காலு மூட்டுல இருக்குற தசைநார் எல்லாம் சேந்து பூட்டு போட்ட மாதிரி புடிச்சுக்கும் அதனால விழாது, ஆழ்ந்த தூக்கத்துக்கு மட்டும் கொஞ்ச நேரம் படுக்கும். குட்டி அப்படி இல்ல, மொத ரெண்டு மூணு மாசம் நாள்ல பாதி நேரம் படுத்துத்தான் கெடக்கும், பக்கவாட்டுல காலை நீட்டிப் படுக்குதுன்னா பயமில்லாம தூங்குதுன்னு அர்த்தம். தாய் பக்கத்துலயே மேயுறது காவலுக்குத்தான். குதிரைக்குக் கண்ணு பக்கவாட்டுல இருக்குறதால திரும்பாமலே கிட்டத்தட்ட சுத்திவர எல்லாம் தெரியும், மூஞ்சிக்கு நேர் முன்னாடியும் வாலுக்கு நேர் பின்னாடியும்தான் தெரியாது. அதனால குட்டியப் பாக்குறேன்னு பின்பக்கமா யாரும் போகவே கூடாது, மிரண்டா உதைச்சுரும்.

சாணி தின்னது (குதிரைக்கு லத்தின்னு சொல்லுவாங்க) பட்டினியால இல்ல. மாட்டுக்கு வயித்துல நாலு அறை, அசை போட்டு செரிக்கும். குதிரை அசை போடாது, இரைப்பையும் ஒண்ணுதான், அதுவும் அந்த ஒடம்புக்கு ரொம்பச் சின்னது, புல்லை செரிக்கிற வேலையெல்லாம் பின்னாடி பெருங்குடல் பக்கம்தான் நடக்குது, அதைச் செய்யறது அங்க குடியிருக்குற நுண்ணுயிருங்க. பொறந்த குட்டிக்கு அது போதுமான அளவு இருக்காது. தாயோட லத்தியைத் தின்னுதான் அதைத் தன் வயித்துக்குள்ள ஏத்திக்குது. அந்தக் குட்டி செஞ்சது ரொம்ப புத்திசாலித்தனமான காரியம்னு பாப்பாகிட்ட சொல்லுங்க.

புளிசாதம் மட்டும் தயவுசெஞ்சு யாரும் போடாதீங்க, இதைக் கெஞ்சியே கேக்குறேன். குதிரையால வாந்தி எடுக்க முடியாது. ஒத்துக்காதது உள்ள போனா மேல வர வழியே இல்ல, திடீர்னு சோறு, ரொட்டின்னு மாவுச்சத்து நெறைய போனா குடல்ல புளிச்சு வாயு கட்டி வயித்துவலி வந்துரும், உருண்டு பொரண்டு ஒரே ராத்திரியில செத்துப்போன குதிரையும் உண்டு. அந்த நேரத்துல நாம போட்டது நல்ல மனசோடதான் போட்டோம்னு சொல்லி ஆகப்போறது ஒண்ணுமில்ல.

ஜட்கா வீட்டுப் பையன்:

எங்க தாத்தா கும்பகோணத்துல ஜட்கா ஓட்டினவரு, ஸ்டேஷன்ல இருந்து கோயில் கோயிலா சவாரி. மேல ஒரத்தநாடு டாக்டர் சொன்ன வயித்துவலியை நான் சின்ன வயசுல கண்ணால பாத்திருக்கேன். அறுப்பு முடிஞ்ச சமயம், அவுத்து விட்ட குதிரை வைக்கோல் போர்ல வாயை வச்சு வயிறு முட்டத் தின்னுருச்சு, தண்ணியும் சரியா குடிக்கல போல, சாயங்காலம் முன்னங்காலால தரையைப் பறிச்சுக்கிட்டு வயித்தைத் திரும்பித் திரும்பிப் பாக்குது. டாக்டர் வந்து ஊசி போட்டு, விடியிற வரைக்கும் தாத்தா அதைக் கையில புடிச்சு நடக்க வச்சுக்கிட்டே இருந்தாரு, விடியக்காத்தால லத்தி போட்டுச்சு, தாத்தா அங்கயே உக்காந்து அழுதுட்டாரு. அதுக்கப்புறம் மாட்டுக்குப் போடுற வைக்கோலு அது பக்கமே வராது, அருகம்புல் கட்டும் ஊற வச்சு வேக வச்ச கொள்ளும்தான். கொள்ளுன்னா வாயைத் தொறக்கும் கடிவாளம்னா வாயை மூடும்னு பழமொழி சொல்லுவாங்கல்ல, எங்க வீட்டுக் குதிரை நெசமாவே அப்படித்தான் செய்யும்.

அக்கா கேட்ட மட்டக்குதிரை விஷயம். நெறைய பேரு குட்டியும் மட்டக்குதிரையும் ஒண்ணுன்னு நெனைக்கிறாங்க. குட்டிங்கறது வயசு, மட்டக்குதிரைங்கறது சாதி. முழுசா வளந்த பெறகும் தோள் மேட்டுல அளந்தா சுமார் 148 செ.மீ.க்குக் கீழ நின்னுட்டா அது மட்டக்குதிரை, முப்பது வயசு ஆனாலும் அவ்வளவுதான் ஒசரம். வாங்கும்போது வயசு பாக்க தாத்தா நேரா பல்லைத்தான் பாப்பாரு. பொறந்த வாரத்துலயே நடு முன்பல்லு வந்துரும், ஆறு எட்டு மாசத்துல பால்பல்லு ரெண்டு ஓரமும் நெறஞ்சுரும். ரெண்டரை வயசுல நடுப்பல்லு விழுந்து மொளைக்கும், மூணரையில அடுத்தது, நாலரையில ஓரப்பல்லு, அஞ்சு வயசுல வாய் நெறஞ்சுரும். அதுக்கு மேல தேய்மானத்தை வச்சுத்தான் சொல்லணும், பத்து வயசு சுமாருக்கு மேல்தாடை ஓரப்பல்லுல ஒரு கோடு விழும், அது கீழ எறங்க எறங்க வயசு கூடுது. ஆண் குதிரைக்கு நாலஞ்சு வயசுல கோரப்பல்லுங்க தனியா வரும், பொட்டைக்கு பெரும்பாலும் வராது. முதுகெலும்பு முத்த அஞ்சு வயசுக்கு மேல ஆகும், அதனால எளங்குதிரையில பாரம் ஏத்தவே கூடாதுன்னு தாத்தா கடைசி வரைக்கும் சொல்லுவாரு, கல்யாண ஊர்வலத்துக்கு ரெண்டு வயசுக் குதிரையை ஓட்டிட்டு வர்றதைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது.

திருத்துறைப்பூண்டி அம்மா:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, படிச்சுக் காட்டினேன், லத்தி விஷயத்தைக் கேட்டு வகுப்புல போயி சொல்றேன்னு குதிக்கிறா. காட்டுக்குதிரையான்னு கேட்டதுக்கு மட்டும் இன்னும் பதில் வரல.

பூம்புகார் கரை:

அதுக்கு நான் சொல்றேங்க. கோடியக்கரையில இருக்குறது காட்டுக்குதிரை இல்ல, எப்பவோ மனுசன் வளத்து விட்டுப்போன குதிரைங்களோட வம்சம், இப்ப ஆள் துணை இல்லாம தானே பொழைக்குது. நம்ம பக்கம் இயற்கையா குதிரையே கெடையாது. மாட்டை மனுசன் பழக்கி பத்தாயிரம் வருசம் ஆச்சு, குதிரை ரொம்பப் பின்னாடிதான். கஜகஸ்தான்ல போட்டாய்னு ஒரு எடம், அங்க சுமார் 5500 வருசத்துக்கு முன்னாடியே குதிரையைப் புடிச்சு வச்சு பால் கறந்திருக்காங்க, பானையில ஒட்டியிருந்த கொழுப்பை வச்சுக் கண்டுபுடிச்சாங்க. ஆனா இன்னைக்கு உலகம் பூரா இருக்குற குதிரை அந்த வம்சம் இல்ல, 2021ல வந்த டிஎன்ஏ ஆராய்ச்சிப்படி ரஷ்யாவுல வோல்கா, டான் ஆறுங்க பக்கத்துப் புல்வெளியில இருந்த குதிரைங்கதான் சுமார் 4200 வருசத்துக்கு முன்னாடி அங்கேருந்து எல்லா எடத்துக்கும் பரவிச்சு. முதுகு வலுவுக்கும் சாதுவான குணத்துக்கும் சம்பந்தப்பட்ட ரெண்டு மரபணு அதுங்ககிட்ட தூக்கலா இருந்துச்சாம், யோசிச்சுப் பாத்தா ஏறி உக்கார வேற என்ன வேணும். மங்கோலியாவுல பிரஸ்வால்ஸ்கி குதிரைன்னு ஒண்ணு இருக்கு, காட்டுக்குதிரைன்னு சொல்ல மிச்சம் இருக்குறது அது ஒண்ணுதான், அதுக்கு குரோமோசோம் 66, நம்ம வீட்டுக் குதிரைக்கு 64. அதுவே போட்டாய்க்காரங்க வளத்த குதிரையோட வாரிசுதான்னு 2018ல ஒரு ஆராய்ச்சி சொல்லிருச்சு, அதைப் பத்தி இன்னும் விவாதம் நடக்குது.

நம்ம டெல்டாவுக்கு குதிரை வந்தது கடல் வழியா. பட்டினப்பாலையில எங்க ஊரு துறைமுகத்துல எறங்குன சரக்கு வரிசை வரும், அதுல மொதல்ல சொல்றதே கடல்ல வந்த குதிரையைத்தான். சோழர் காலக் கல்வெட்டுல குதிரைச்செட்டின்னு மலைநாட்டு (இன்னைக்குக் கேரளா பக்கம்) வியாபாரிங்க பேரு வருது. இத்தனைக்கும் நம்ம களிமண்ணு வயல்ல உழவுக்கு குதிரை லாயக்கில்ல, எப்பவும் சேத்துலயே நின்னா குளம்பு ஊறி அழுகிரும், உழவு அன்னைக்கும் மாடுதான், குதிரை படைக்கும் ராஜாவுக்கும். பாப்பாவை ஒரு தடவை தாராசுரம் கூட்டிட்டுப் போங்க, ரெண்டாம் ராஜராஜன் கட்டின கோயில்ல மண்டபத்தையே தேரா செஞ்சு குதிரை இழுக்குற மாதிரி கல்லுல வச்சிருக்காங்க, தொட்டுப் பாக்குற ஒசரத்துலயே இருக்கும்.

திருத்துறைப்பூண்டி அம்மா:

அடுத்த லீவுக்கு தாராசுரம் உறுதி. கோடியக்கரைக்கும் திரும்பப் போகணுமாம், அதே குட்டியைத் தேடணுமாம். சாம்பக் கலரு, வாலு பஞ்சு மாதிரி குட்டையா இருந்துச்சு, என்ன வயசு இருக்கும்?

ஒரத்தநாடு கால்நடை:

வாலு பஞ்சு மாதிரின்னா பொறந்து சில மாசத்துக்குள்ளதான் இருக்கும் அக்கா. 11 மாசம் வயித்துல இருந்து பெரும்பாலும் ராத்திரியிலதான் பொறக்கும், ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல எழுந்து நின்னுரும், அந்த மொத நாளுக்குள்ள சீம்பால் குடிச்சே ஆகணும், ஏன்னா தாயோட எதிர்ப்பு சக்தி குதிரைக்கு நஞ்சுக்கொடி வழியா வராது, பாலு வழியாத்தான் வரும், ஒரு நாள் தாண்டிட்டா குடல் அதை உறிஞ்சாது. நீங்க பாத்தது அந்தக் கண்டத்தையெல்லாம் தாண்டினது. கால் நீளமா கழுத்து குட்டையா இருக்குறதால இப்ப புல்லு எட்டாது, முன்னங்காலை அகட்டி வச்சுத்தான் கடிக்கும், அதைப் பாக்கவே அழகா இருக்கும். வீட்டுல வளக்குறவங்க ஆறு மாசத்துல பிரிச்சுருவாங்க, அங்க யாரும் பிரிக்க மாட்டாங்க, அடுத்த குட்டி போடுற வரைக்கும் கூட பால் குடிக்கும். ஆண் குட்டின்னா ரெண்டு மூணு வயசுல கூட்டத்துல இருக்குற பெரிய ஆண் வெரட்டி விட்டுரும்.

ஒண்ணு சொல்லணும், கலரை வச்சுத் தேடாதீங்க. மூணு நாலு மாசத்துல குட்டி முடி கொட்டி வேற கலர் வந்துரும், கருப்பாவோ செம்பழுப்பாவோ மாறி நிக்கும். நெத்தியில வெள்ளை சுட்டி இருந்துச்சா, கால்ல எந்தக் காலு வெள்ளைன்னு போட்டோவுல பாத்து எழுதி வச்சுக்கச் சொல்லுங்க, அது மாறாது.