நடுவானில் விமானம் குலுங்கியபோது: எங்கள் கரைக்காரர்களின் கதைகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரை, தொண்டி, பனைக்குளம் பக்கம் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ ஆள் போகாத தெரு குறைவு. மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. மதுரை அல்லது திருச்சிக்குப் போய்த்தான் ஏற வேண்டும். ஆனாலும் விமானம் குலுங்கிய கதை இங்கே ஆளுக்கொன்று இருக்கிறது. என்னுடையதைச் சொல்கிறேன்.

ஐப்பசி மழைக்காலம். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு இரவு விமானம். வங்கக்கடலுக்கு மேலே சாப்பாட்டு வண்டி வந்துகொண்டிருந்தபோது பெல்ட் விளக்கு எரிந்தது. கேப்டன் பணியாளர்களையும் உட்காரச் சொன்னார். அந்தக் குரலில் இருந்த அவசரம்தான் எனக்கு முதலில் உறைத்தது. பணிப்பெண் வண்டியின் பிரேக்கை மிதித்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் வயிறு தொண்டைக்கு வந்தது. தண்ணீர்க் குவளைகள் மேலே பறந்தன. கழிப்பறைக்குப் போக எழுந்து நின்றவர் பெட்டி வைக்கும் தட்டில் தலையை இடித்துக்கொண்டு, பக்கத்து இருக்கைக்காரர் மடியில் விழுந்தார். ஜன்னலுக்கு வெளியே மேகம் உள்ளுக்குள்ளேயே மின்னிக்கொண்டிருந்தது.

என் பக்கத்தில் மண்டபத்துக்காரர் ஒருவர், வயதானவர், மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். வடகடல் (பாக் விரிகுடா), தென்கடல் (மன்னார் வளைகுடா) இரண்டிலும் மீன்பிடித் தொழில் பார்த்தவர். "தம்பி, கடல்ல அலை வர்றது கண்ணுக்குத் தெரியும். இங்க ஒண்ணும் தெரியலையே, எப்படி ஓட்டுறாங்க?" என்றார். நல்ல கேள்வி. விமானத்தின் மூக்கில் இருக்கும் ரேடார் மழைத்துளியைத்தான் காட்டும். இடிமேகத்தை அதில் பார்த்து ஒதுங்கலாம். கடுமையான மேகமென்றால் 20 மைலாவது தள்ளிப் போகச் சொல்கிறார்கள். மேலே ஏறித் தாண்டுவது பல நேரம் நடக்காது. நம் பக்கத்து இடிமேகங்களின் உச்சி 50,000 அடியைத் தொடுவதுண்டு. பயணிகள் விமானம் பறப்பதோ பெரும்பாலும் 40,000 அடிக்குள்.

தொண்டியில் இருக்கும் என் மச்சான் கதை வேறு மாதிரி. துபாயிலிருந்து வரும்போது பட்டப்பகல், சுற்றிலும் மேகமே இல்லை, எச்சரிக்கையும் இல்லை, திடீரென்று ஒரு உதறல். வேகக் காற்றும் மெதுவான காற்றும் உரசும் இடத்தில் இப்படி ஆகும். அங்கே மழைத்துளி இல்லாததால் ரேடாரிலும் எதுவும் தெரியாது. முன்னால் போன விமானி சொன்னால்தான் உண்டு.

அந்தக் கதையில் விமானம் விழுந்த ஆழம் பெருநாளுக்குப் பெருநாள் கூடுகிறது. முதலில் ஆயிரம் அடி, இப்போது ஐயாயிரம். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் மியான்மருக்கு மேலே குலுங்கி, ஒருவர் இறந்து, பலர் காயப்பட்டு, பாங்காக்கில் இறங்கியதே, அதில்கூட அந்தப் பெரிய இறக்கம் 178 அடிதான் என்று சிங்கப்பூர் விசாரணைக் குழு சொன்னது. அதுவும் 4.6 நொடிக்குள். இதை மச்சானிடம் சொன்னால், "நீ அதில உட்கார்ந்து பார்த்தியா?" என்கிறார்.

உயரத்தைவிட அந்த வேகம்தான் ஆபத்து. விமானம் சட்டென்று கீழே இழுபடும்போது பெல்ட் போடாதவர் அந்தரத்தில் நின்று கூரையில் மோதுகிறார். அது திரும்ப மேலேறும்போது தரையில் வந்து விழுகிறார். இறக்கை ஒடிந்துவிடுமோ என்று பயப்படுவதில் அர்த்தமில்லை, அது வளைந்து கொடுக்கத்தான் செய்யப்பட்டிருக்கிறது. விளக்கு அணைந்ததும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு நடைபாதையில் நின்று ஊர்க்கதை பேசும் நம் ஆட்களைப் பார்த்தால்தான் எனக்குப் பதறுகிறது.

உம்ராவுக்குப் போகும் பெரியவர்களுக்கு இருக்கை எடுத்துக் கொடுப்பவர்கள் இறக்கைக்குப் பக்கத்து வரிசையாகப் பாருங்கள். வால் பக்கத்தைவிட அங்கே ஆட்டம் குறைவு. பெல்ட்டைப் போர்வைக்கு மேலே தெரிகிற மாதிரி மாட்டிவிடுங்கள். சரிபார்க்க வரும் பணிப்பெண் அவர்களைத் தூக்கத்தில் எழுப்ப மாட்டார்.