வீட்டுக்கு எந்த சானா சரிப்படும்?

வணக்கம். பாம்பனில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. வலை இழுத்து இழுத்தே அப்பாவுக்குத் தோள் இறுகிப்போய்விட்டது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால்தான் கை தலைக்கு மேல் போகிறது. மிதமான சூடு கொடுக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அதனால் மாடி அறையில் சின்னதாக ஒரு சானா, அதாவது சூட்டில் உட்கார்ந்து வியர்க்கும் மர அறை, வைக்க ஆசை.

கல் அடுப்பு வைத்த ஃபின்லாந்து வகை 80 டிகிரிக்கு மேலும் போகும், 6 கிலோவாட் ஹீட்டர் என்றால் மும்முனை மின்சாரம் வேண்டியிருக்கும். அகச்சிவப்புக் கதிரால் உடம்பைச் சூடாக்கும் இன்ஃப்ராரெட் வகை 50, 60 டிகிரிதான். அப்பாவுக்கு அதுதான் தாங்கும் என்று மனசு சொல்கிறது. நீராவி வேண்டாம், ஊரே புழுக்கம்.

என் பயமெல்லாம் உப்புக்காற்று. போன வருடம் மாற்றிய ஜன்னல் கொக்கி இப்போதே தொட்டால் துருவாக உதிர்கிறது. மண்டபம், கீழக்கரை பக்கம் யாராவது வைத்திருக்கிறீர்களா? ஹீட்டரும் ஸ்க்ரூவும் எப்படித் தாங்குகின்றன? என்ன மரம் போட்டீர்கள்?