டயர் மறுசுழற்சிக்கு மானியம் கேட்டுப் போனவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நாமக்கல்லில் இருந்து:

லாரிப் பட்டறைகள் நிறைந்த ஊர், ரீட்ரேடிங்குக்கும் (தேய்ந்த டயருக்கு மேல்பட்டை புதிதாக ஒட்டுவது) ஆகாத டயர் மலை மாதிரி கிடக்கும். அதை அரைத்து ரப்பர் தூள் எடுக்கும் யூனிட்டுக்காக மாவட்ட தொழில் மையம் வழியாக, புதுத் தொழிலுக்கு வங்கிக் கடனோடு மானியமும் தரும் மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் விண்ணப்பித்தேன். மானியம் என்றால் பணம் முதலில் கைக்கு வரும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். வராது. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்டச் செலவு காட்டலாம், கிராமப்புறத்தில் பொதுப் பிரிவுக்கு 25 சதவீதம், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்கு 35 சதவீதம் மானியம் உண்டு. ஆனால் அது வங்கியிலேயே 3 வருஷம் டெபாசிட்டாகக் கிடந்து, யூனிட் ஓடுகிறதா என்று நேரில் வந்து பார்த்த பிறகுதான் கடனில் கழியும். நிலத்தின் விலையையும் திட்டச் செலவில் சேர்க்கக் கூடாது. ஆக, வங்கி மேனேஜர் சரி என்றால்தான் மானியமே.

நான் போன கிளையில் டயர் என்ற வார்த்தையைக் கேட்டதுமே, "எரிச்சு ஆயில் எடுக்கிறதா? ஊர்க்காரங்க மறியல் பண்ணுவாங்க சார்" என்றார் மேனேஜர். அவரைக் குறை சொல்ல மாட்டேன், டயரைச் சூடாக்கி ஆயில் எடுக்கும் பைராலிசிஸ் ஆலைகளின் புகையும் நாற்றமும் அப்படிப் பேர் வாங்கி வைத்திருக்கின்றன. ஒரு கவரில் கொண்டுபோயிருந்த தூளை மேஜையில் கொட்டினேன். விரலால் தேய்த்துப் பார்த்தார், மணல் மாதிரி உதிர்ந்தது, டயருக்குள் இருக்கும் கம்பியும் இல்லை நூலும் இல்லை. "சரி, இதை யார் வாங்குவாங்க?" என்று கேட்டார். மொத்த விஷயமும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது! மேட் தயாரிப்பவர் ஒருவரிடமும், ரோட்டுக்கு ரப்பர் கலந்த தார் தயாரிக்கும் ஆலையிலும் மாதம் இவ்வளவு எடுக்கிறோம் என்று கடிதம் வாங்கிக் கொடுத்த பிறகுதான் ஃபைல் நகர்ந்தது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குச் செலவழிக்கும் முன் அந்தக் கடிதங்களை வாங்கி வையுங்கள்.

கோவையில் இருந்து:

எங்களுடையது டிரஸ்ட். பழைய டயரில் அரசுப் பள்ளிகளுக்கு விளையாட்டுத் திடல் அமைக்கிறோம், அதனால் கடன் இல்லாமல், கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதிதான் கேட்டோம். 2021 ஏப்ரலில் இருந்து சிஎஸ்ஆர்-1 என்ற படிவம் மூலம் அரசிடம் வாங்கும் பதிவு எண் இல்லாத அமைப்புக்கு கம்பெனிகள் அந்த நிதியைக் கொடுக்க முடியாது. 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள், 3 வருஷம் வேலை செய்த ஆதாரம் எல்லாம் கேட்பார்கள். எங்கள் பேப்பர் எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் இடத்தைப் பார்க்க வந்த கம்பெனி அம்மா முதலில் டயருக்குள் எட்டிப் பார்த்து, "தண்ணி தேங்கி டெங்கு வந்தா யார் பொறுப்பு?" என்றார். ஒவ்வொரு டயரிலும் அடிப்பக்கம் ட்ரில் போட்டிருப்பதைக் காட்டினோம். ரேடியல் டயர் அறுத்தால் எஃகுக் கம்பி நீட்டிக்கொண்டு குழந்தைகள் கையைக் கிழிக்கும், அதனால் அறுக்கிற வேலைக்கு நைலான் டயர்தான் எடுக்கிறோம் என்று விளக்கியதும் நம்பிக்கை வந்தது. இந்த இரண்டையும் விண்ணப்பத்திலேயே படத்தோடு எழுதிவிடுங்கள்.

நாமக்கல் நண்பருக்கு, ஈரோட்டில் இருந்து:

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. 2022 ஜூலையில் வந்த விதிப்படி டயர் கம்பெனிகள் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும், அதற்கான சான்றிதழை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்த நம்மைப் போன்ற யூனிட்டுகளிடம்தான் வாங்க வேண்டும். தூள் விற்கிற காசு போக இது தனி வருமானம். நான் அதைத் திட்ட அறிக்கையில் ஒரு வரியாகக் காட்டினேன், ஆனால் விலை ஏறி இறங்கும் என்பதால் கடன் தவணைக்கு அதை நம்பிக் கணக்குப் போடவில்லை. அப்புறம், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறுவுவதற்கான இசைவாணை (யூனிட் அமைக்க முன் அனுமதி) கைக்கு வராமல் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், எனக்குத் தெரிந்த ஒருவரின் ஷ்ரெட்டர் (டயரைத் துண்டாக்கும் மெஷின்) இன்னும் தார்ப்பாய்க்கு அடியில்தான் கிடக்கிறது.