போதகர்களுக்கு யூத மதம் பற்றி ஆறு வகுப்பு: எங்கே ஆரம்பிப்பது?

ஒலிவக்கிளை:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் சபைகளில் பிரசங்கம் செய்கிறவர்களுக்கும் வேதபாடம் நடத்துகிறவர்களுக்கும் யூத மதத்தைப் பற்றி ஆறு வகுப்பு நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. வகுப்புக்கு இரண்டு மணி நேரம். முதலில் நான் போட்ட திட்டம் இதுதான்: ஆசரிப்புக் கூடாரம், பலிகள், பண்டிகைகள், பரிசேயர் சதுசேயர் என்ற யூத மதக் குழுக்கள், இயேசு காலத்து எருசலேம், கடைசி நாள் எல்லாரும் சேர்ந்து ஒரு பஸ்கா விருந்து. நிறைய உழைத்திருந்தேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஒரு யூத நண்பரிடம் காட்டினேன். பொறுமையாகப் படித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுல நாங்க எங்க இருக்கோம்? கி.பி. 70-ல எல்லாரும் செத்துப்போயிட்டோமா?” என்று கேட்டார். அப்புறம்தான் உறைத்தது, என் ஆறு வகுப்பும் அந்த வருடம் ரோமர் கையில் எருசலேம் ஆலயம் இடிந்த நாளோடு முடிந்துவிடுகிறது. இப்போது எதை எடுப்பது, எதை வைப்பது என்று தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய_பெஞ்சு:
நண்பர் சரியான இடத்தில்தான் குட்டியிருக்கிறார். நான் இறையியல் மாணவர்களுக்குப் பல வருடம் பாடம் எடுத்தவன், இதே தவறை நானும் செய்திருக்கிறேன். என் யோசனை, பரிசேயரிடமிருந்து ஆரம்பியுங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒரு துண்டுத் தாளில் ‘பரிசேயன்’ என்றதும் மனதில் வருவதை எழுதச் சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேர் ‘மாய்மாலக்காரன்’ என்றுதான் எழுதுவார்கள். தாள்களை மேசையில் அப்படியே வைத்துவிட்டு லூக்கா 13:31 வாசிக்கச் சொல்லுங்கள். ஏரோது கொல்லப் பார்க்கிறான், போய்விடும் என்று இயேசுவை எச்சரிப்பது யார்? பரிசேயர். அப்போஸ்தலர் 5-ல் சீஷர்களை விட்டுவிடச் சொல்லி ஆலோசனைச் சங்கத்தில் எழுந்து பேசும் கமாலியேல் யார்? பரிசேயர். அப்போஸ்தலர் 23:6-ல் பவுல் தன்னைப் பரிசேயன் என்கிறார், பரிசேயனாக இருந்தேன் என்று சொல்லவில்லை. நான் செய்தபோது அறை கொஞ்ச நேரம் கப்சிப்.

அங்கிருந்து 70-ஐத் தாண்டுவது சுலபம். பலிபீடம் போனபிறகு அந்த மதம் எப்படி உயிரோடு இருந்தது என்பதுதான் அடுத்த கேள்வி. பரிசேயர் வழியில் வந்த ரபிகள் (யூத மதப் போதகர்கள்) ஜெபத்தையும் படிப்பையும் வீட்டு மேசையையும் மையமாக்கினார்கள். வாய்மொழி மரபு ஏறக்குறைய கி.பி. 200-ல் மிஷ்னாவாகத் தொகுக்கப்பட்டது, அதன்மேல் நடந்த விவாதங்கள் தல்மூத் ஆயின. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட ஒரு பக்கத்தை நகலெடுத்துக் கையில் கொடுங்கள். நடுவில் மிஷ்னாவும் அதன்மேல் நடந்த விவாதமான கெமாராவும், தையல் பக்கம் 11-ஆம் நூற்றாண்டு ராஷியின் உரை, வெளிப்பக்கம் அவருக்குப் பின்வந்தவர்கள் அவரோடு மல்லுக்கட்டும் குறிப்புகள். நூற்றாண்டுகள் கடந்த வாக்குவாதம் ஒரே தாளில் கிடக்கும். (முழுத் தல்மூத்தையும் முதலில் அச்சிட்டது வெனிஸில் டேனியல் போம்பெர்க் என்ற கிறிஸ்தவர், 1520 வாக்கில். இதைச் சொன்னால் எந்த வகுப்பும் நிமிர்ந்து உட்காரும்.)

‘கண்ணுக்குக் கண்’ பகுதியை எடுங்கள், தல்மூத்தின் பாவா கம்மா என்ற நூலில் இருக்கிறது. ஒருவன் கண் பெரிது, இன்னொருவன் கண் சிறிது, அப்படியென்றால் எப்படிச் சமமாகும்? குருடன் ஒருவன் இன்னொருவன் கண்ணைக் கெடுத்தால் என்ன செய்வது? இப்படிக் கேட்டுக் கேட்டு, இது நஷ்டஈட்டைத்தான் சொல்கிறது என்று முடிக்கிறார்கள். ‘யூதர்களின் கடவுள் பழிவாங்குகிறவர், நம்முடையவர் அன்பானவர்’ என்று பிரசங்கிக்கிறவர்களுக்கு அந்த ஒரு பக்கம் போதும். பிறனை நேசி என்பதே லேவியராகமம் 19:18 தானே!

மூன்றாம்_வரிசை:
எல்லாம் சரி, ஆனால் வரலாற்றை விட்டுவிடாதீர்கள் பிரதர். 1543-ல் மார்ட்டின் லூத்தர் ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். அதைப் படிக்காமல் சீர்திருத்த நாள் மட்டும் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம். கத்தோலிக்கர் பக்கம் ஜூல் ஐசக் கதையைச் சொல்லுங்கள். பிரெஞ்சு வரலாற்றாசிரியர், யூதர், மனைவியையும் மகளையும் நாஜிகளுக்குப் பறிகொடுத்தவர். சபை பல நூற்றாண்டாகக் கற்பித்த வெறுப்பு இதற்கு வழிவிட்டது என்று ஆதாரத்தோடு எழுதி, 1960-ல் போப் 23-ஆம் யோவானை நேரில் பார்த்துப் பேசினார். 1965 அக்டோபர் 28-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ‘நோஸ்த்ரா ஏத்தாத்தே’ அறிக்கை வெளிவந்தது. இயேசுவின் மரணத்துக்கு அன்றைய யூதர் எல்லாரையுமோ இன்றைய யூதர்களையோ குற்றம் சாட்டக்கூடாது, கடவுளால் கைவிடப்பட்டவர்களாகக் காட்டக்கூடாது என்று அது சொல்கிறது. ஐசக் 1963-லேயே போய்விட்டார், பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

ஒன்று மட்டும், இதை அழவைக்கிற வகுப்பாக ஆக்கிவிடாதீர்கள். அழுதுவிட்டு வீட்டுக்குப் போய் அடுத்த ஞாயிறு அதே பிரசங்கம் செய்வார்கள். மத்தேயு 27:25-ஐ (‘இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக’) பெரிய வெள்ளியன்று எப்படி வாசிக்கப் போகிறீர்கள், என்ன விளக்கம் கொடுப்பீர்கள் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். வேலை அங்கேதான்.

உப்பு_விளக்கு:
எனக்கு ஒரு நெருடல், திட்டாதீர்கள். இப்படியே போனால் நம் போதகர்கள் இயேசுவே மேசியா என்று சொல்லக் கூச்சப்பட மாட்டார்களா? மரியாதை வேறு, விசுவாசத்தைத் தண்ணீர் ஊற்றிக் கலப்பது வேறு.

பழைய_பெஞ்சு:
திட்ட என்ன இருக்கிறது ஐயா, நியாயமான கேள்வி. யாரும் தண்ணீர் ஊற்றச் சொல்லவில்லை. 2000-ஆம் ஆண்டு இருநூறுக்கும் மேற்பட்ட ரபிகளும் யூத அறிஞர்களும் ‘தப்ரு எமெத்’ என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கடவுள் உலகத்தை மீட்கும்வரை இந்த வேறுபாடு தீராது என்று அவர்களே அதில் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். எதில் வேறுபடுகிறோம் என்று சரியாகத் தெரிந்து வேறுபடுவோமே. வைக்கோல் பொம்மையோடு சண்டை போடுவதில் என்ன சாட்சி? ரோமர் 11-ஐ இன்னொரு தடவை வாசியுங்கள், வேரை நாம் சுமக்கவில்லை, வேர்தான் நம்மைச் சுமக்கிறது என்று பவுல் எச்சரிப்பது நம்மைத்தான்.

வெள்ளி_அந்தி:
நான் யூதப் பெண், தமிழ் வாசிப்பேன், எப்போதாவது எழுதுவேன். அந்தப் பஸ்கா விருந்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பஸ்கா இரவில் நாங்கள் இன்று வாசிக்கும் ஹகதா என்ற நூல் ஆலயம் இடிந்தபின் உருவானது, அதை மேசையில் வைத்து ‘இயேசு இப்படித்தான் சாப்பிட்டார்’ என்றால் வரலாறும் தப்பு, எங்கள் வீட்டு நினைவுகளை எடுத்து நாடகம் போட்ட மாதிரியும் இருக்கிறது. யாராவது கூப்பிட்டால் விருந்தாளியாகப் போய் உட்காருங்கள், சந்தோஷமாக வரவேற்போம்.

இன்னொன்று, ஒரே ஒரு ரபியைக் கூப்பிட்டு “யூதர்கள் என்ன நம்புகிறார்கள்?” என்று கேட்காதீர்கள். ஆர்த்தடாக்ஸ் ஒன்று சொல்வார், சீர்திருத்தப் பிரிவினர் வேறு சொல்வார், மதமே வேண்டாம் என்கிற என் அண்ணனும் தன்னை யூதன் என்றுதான் சொல்வான். அதற்குப் பதிலாக ஹவ்ரூத்தா முறையில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒரு பகுதியைச் சத்தமாக வாசித்து வாதாடுங்கள். எங்கள் வேதமான தனாக்கின் கடைசிப் புத்தகம் நாளாகமம், எருசலேமுக்குத் திரும்பிப் போங்கள் என்று பாரசீக ராஜா கோரேசு சொல்வதோடு முடியும். உங்கள் பழைய ஏற்பாடு மல்கியாவில், எலியா வரப்போகிறான் என்று முடிகிறது. புத்தகங்கள் அதேதான், வரிசைதான் வேறு, கதை எங்கே போகிறது என்பதே மாறிவிடுகிறது பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு இது ஒன்றே போதும்.

ஒலிவக்கிளை:
அனைவருக்கும் நன்றி. பஸ்கா விருந்தை எடுத்துவிட்டேன் அக்கா, மன்னியுங்கள். கூடாரமும் பலிகளும் சுருங்கி ஒரே வகுப்பு. துண்டுத் தாள் முதல் நாள், தல்மூத் பக்கம் இரண்டாம் நாள், நாளாகமம்–மல்கியா மூன்றாம் நாள், பெரிய வெள்ளிப் பிரசங்கம் ஐந்தாம் நாள். ஆறாவதை இப்போதைக்குக் காலியாக வைத்திருக்கிறேன், வருகிறவர்களே கேள்வி கொண்டுவரட்டும். நண்பரையும் கூப்பிட்டேன், எல்லா நாளும் வருகிறாராம். ஒரே நிபந்தனை, “நீங்க ஏன் இயேசுவை ஏத்துக்கல?” என்று முதல் பத்து நிமிடத்துக்குள் யாரும் கேட்கக்கூடாதாம். பதினோராவது நிமிடம் பரவாயில்லையாம்.