ஃபர் தொழிலை வீழ்த்தியது போராட்டமா, கிருமியா?

கரிகாலன்78

நார்வேயில் ஃபர் (ரோமத் தோல்) பண்ணைத் தடை 2025இல் முழுமையாக அமலுக்கு வந்ததை ‘நுகர்வோர் போராட்டத்தின் வெற்றி’ என்று இங்கே ஆளாளுக்குப் பகிர்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். கோவிடுக்கு முன்பு, ரோமத்துக்காக வளர்க்கும் மிங்க் என்ற சிறு விலங்கின் தோல் ஏற்றுமதியில் முதலிடம் டென்மார்க்குக்கு. ‘ஃபர் போடுவதைவிட நிர்வாணமாக நிற்பேன்’ என்று பிரபலங்கள் நின்ற, விலங்குரிமை அமைப்பான பெட்டாவின் விளம்பரங்கள் 1990இல் தொடங்கி முப்பது வருடம் ஓடின. அந்த முப்பது வருடத்தை மொத்தமாகப் பார்த்தால் டென்மார்க்கின் உற்பத்தி ஏறித்தான் இருந்தது. 2013இல் தோல் விலை உச்சத்தில் இருந்தது. வாங்கியவர்கள் பெரும்பாலும் சீனர்கள். அவர்கள் காதில் உங்கள் கோஷம் விழவே இல்லை.

2020 நவம்பரில் மிங்க்குகளிடம் உருமாறிய கோவிட் கிருமி இருக்கிறது என்று சொல்லி, நாட்டிலுள்ள மொத்த மிங்க்கையும் கொல்லச் சொன்னது டென்மார்க் அரசு. கொல்லப்பட்டவை ஒன்றரைக் கோடிக்கு மேல். தொழில் அன்றைக்கே படுத்துவிட்டது. கிருமி செய்த வேலைக்கு நீங்கள் ஏன் மாலை வாங்கிக்கொள்கிறீர்கள்?

யாழினி

தேதிகளை உங்களுக்கு வசதியாக அடுக்குகிறீர்கள். பிரிட்டனில் பண்ணைத் தடைச் சட்டம் 2000இலேயே வந்துவிட்டது. நெதர்லாந்தில் 2024க்குள் எல்லாப் பண்ணைகளையும் மூட வேண்டும் என்ற சட்டம் 2013இல் வந்தது. கோவிட் செய்ததெல்லாம் அந்தக் கெடுவை மூன்று வருடம் முன்னால் இழுத்ததுதான். நார்வே சட்டமும் 2019. அப்போது கோவிட் என்ற பெயரே கிடையாது.

சீனர்கள் வாங்கினார்கள், சரி. எதைப் பார்த்து வாங்கினார்கள்? மிலானிலும் பாரிஸிலும் மேடையேறியதைப் பார்த்து. ஃபேஷன் நிறுவனங்களான அர்மானி 2016இலும், குச்சி (Gucci) 2017இலும், ப்ராடா 2019இலும் ஃபர் வேண்டாம் என்று அறிவித்தன. கடை வாசலில் நின்று கத்தியவர்களை இந்த நிறுவனங்கள் வருடக்கணக்காகச் சகித்துப் பார்த்துவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வந்தன.

விலங்கின் பக்கம் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, அதையும் கவனித்தேன். மிங்க், நீர்நாயின் உறவுக்கார விலங்கு. தண்ணீரில் வேட்டையாடிப் பிழைப்பது. ஆக்ஸ்ஃபோர்டில் ஜார்ஜியா மேசனும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு 2001இல் நேச்சர் இதழில் வந்தது. பண்ணை மிங்க்குகளுக்குப் பல வசதிகளைத் தனித்தனிக் கதவுகளுக்குப் பின்னால் வைத்தார்கள்: பொம்மைகள், கூடுதல் படுக்கை, மேடை, ஒரு சிறு தண்ணீர்த் தொட்டி. கதவு ஒவ்வொன்றிலும் எடையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். மிங்க்குகள் அதிகப் பாடுபட்டுத் தள்ளித் திறந்தது தொட்டிக் கதவை. அதை ஒருநாள் பூட்டியபோது உடலில் ஏறிய கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவு, சாப்பாட்டைப் பூட்டியபோது ஏறியதற்கு ஏறக்குறைய சமம். பண்ணையில் அந்த விலங்குக்குக் கிடைப்பது கால் சதுர மீட்டர் கம்பிவலை.

கரிகாலன்78

பண்ணையிலேயே பிறந்து, நீச்சலே அறியாத மிங்க்குக்கு அந்த ஏக்கம் இருக்குமா என்று பண்ணைத் தரப்பு அப்போதே கேட்டது. ‘வெல்ஃபர்’ என்று விலங்கு நலத் தரச்சான்று முறைகூடக் கொண்டுவந்தார்கள். எல்லாரையும் அரக்கர்களாகக் காட்டாதீர்கள்.

யாழினி

அந்தச் சான்றிதழ் கிடைத்த பண்ணையிலும் அதே கூண்டுதான். கூண்டு முறை இருக்கும்வரை இந்த விலங்குகளின் பெரும்பாலான துன்பங்களைத் தவிர்க்க முடியாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025இல் சொல்லிவிட்டது. அது போராட்டக்காரர் சங்கம் இல்லை.

ஹேர்னிங்_தம்பி

கரிகாலன் அண்ணை, நான் இருப்பது டென்மார்க்கில், யூட்லாந்துப் பக்கம். படிக்கிற காலத்தில் நவம்பர் மாதங்களில் மிங்க் பண்ணைக்குக் கூலிக்குப் போயிருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் தூரத்தில் நின்று கதைக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

நீள நீளமான கொட்டகை, இரண்டு பக்கமும் கம்பிக் கூண்டு வரிசை. மீன் கழிவையும் இறைச்சிக் கழிவையும் அரைத்த கூழை வண்டியில் கொண்டுவந்து கூண்டின் மேல் கம்பியில் அப்பிவிட்டுப் போவார்கள், மிங்க் கீழிருந்து நக்கும். சிலது நாள் முழுக்க இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒரே மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். நவம்பரில் குளிர்கால ரோமம் நிறைந்ததும் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வரிசை வரிசையாக வரும். உள்ளே கார்பன் மோனாக்சைடு. தடித்த தோல் கையுறை போட்டவர் ஒவ்வொன்றாகப் பிடித்து மேல் துளையால் போடுவார். பிறகு மரத்தூள் டிரம்மில் உருட்டி ரோமத்தைச் சுத்தமாக்கி, தோலைக் காலுறை கழற்றுவது போல முழுசாக உருவி எடுத்து, கொழுப்பைச் சுரண்டி, பலகையில் இழுத்துக் காயவைப்பார்கள். ஒரு நீளக் கோட்டுக்கு ஐம்பது தோல் அளவில் வேண்டும். அந்த மணம் குளித்தாலும் போகாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2020 உத்தரவு வந்தபோது, நோயில்லாத பண்ணைகளையும் அழிக்க அரசுக்குச் சட்ட அதிகாரமே இருக்கவில்லை. விவசாய அமைச்சர் மோவன்ஸ் யென்சன் பதவி விலகினார். ராணுவ நிலத்தில் அவசரமாகப் புதைத்த மிங்க்குகள் வாயு நிரம்பி மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தன. அடுத்த வருடம் அத்தனையையும் தோண்டி எரித்தார்கள். இவ்வளவு அநியாயம் நடந்தும் பண்ணைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2021 தொடக்கத்தில் ஒத்துக்கொண்ட இழப்பீடு ஏறக்குறைய 1,900 கோடி குரோனர். முழுதாக மூடிவிட்டுக் காசை வாங்கலாம், அல்லது தற்காலிகமாக நிறுத்திவிட்டுப் பிறகு திரும்ப வரலாம். ஏறத்தாழ எல்லாருமே மூடுவதைத்தான் எடுத்தார்கள். 2023இல் மிங்க் வளர்ப்புத் தடை நீங்கிய பிறகும் திரும்ப வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

இதே நோய் பன்றிப் பண்ணைகளில் வந்திருந்தால் டென்மார்க் அந்தத் தொழிலைத் தூக்கி நிமிர்த்தியிருக்கும். மிங்க்குக்கு அப்படி ஒருவரும் வரவில்லை. 2013க்குப் பிறகு விலை விழுந்துகொண்டே வந்தது, பெரிய பிராண்டுகள் கழன்றுவிட்டன, பண்ணைக்காரர்களுக்கே சொந்தமான ஏலக்கூடமான ‘கோபன்ஹாகன் ஃபர்’ தொழிலையே மூடப்போகிறேன் என்று அறிவித்துவிட்டது. கிருமி தள்ளிவிட்டது உண்மைதான், அண்ணை. விழுந்ததைத் தூக்க ஆளில்லாமல் போனதற்கு யாழினி சொல்கிற கூட்டத்துக்கும் பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பனித்துளி_டொராண்டோ

அதே கூட்டத்துக்கு இன்னொரு பங்கும் உண்டு. 1970களில் கனடாவின் பனிக்கடலில் வெள்ளை சீல் குட்டிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பெரிய பிரச்சாரம். 1977இல் பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ பனியில் போய் நின்றார். 1983இல் ஐரோப்பிய சமூகம் அந்தக் குட்டித் தோல்களின் இறக்குமதியைத் தடை செய்தது. அங்குள்ள ஆர்க்டிக் பழங்குடிகளான இனுவிட் மக்கள் அந்தக் குட்டிகளை வேட்டையாடவில்லை. அவர்கள் வளர்ந்த சீலைச் சாப்பாட்டுக்குப் பிடித்து, தோலை விற்று, அந்தக் காசில் எண்ணெயும் தோட்டாவும் வாங்கினார்கள். வாங்குகிறவர் எந்தத் தோல், யார் பிடித்தது என்றா பார்ப்பார்? மொத்தச் சந்தையும் விழுந்தது. 2009 ஐரோப்பியத் தடையில் இனுவிட்டுக்கு விலக்கு எழுதிவைத்தும் விலை எழவில்லை. கிரீன்பீஸ் கனடா 2014இல் மன்னிப்புக் கேட்டது. ஊரே காலியான பிறகு வந்த மன்னிப்பு.

யாழினி

பனித்துளி, இதில் நான் சண்டைக்கு வரவில்லை. அந்தப் பிரச்சாரம் படத்துக்கு அழகான முகத்தைத் தேடியது, அடிபடப்போவது யார் என்று தேடவில்லை. ஆனால் சீல் வேட்டையைக் காட்டிக் கூண்டுப் பண்ணையைக் காப்பாற்ற முடியாது. அங்கே சாப்பாடு. இங்கே கோட்டுக் காலர்.

பாஷா_வாணியம்பாடி

நம்ம ஊர்க் கதையையும் கேளுங்கள். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தோல் பதனிடும் டேனரி நடத்துகிறது. ஃபர் பற்றி எனக்கு ஒரு பாசமும் இல்லை. ஆனால் காலில் ஆம்பூர் ஷூ, இடுப்பில் தோல் பெல்ட், கையில் ‘ஃபர் கொலை’ பதாகை என்றால் சிரிப்பு வருகிறது. மிங்க் முடிந்தால் அடுத்தது நாங்கள்தானே?

யாழினி

இறைச்சிக்கு அறுத்த மாட்டின் தோல் உங்களிடம் வருகிறது. மிங்க்கை வளர்ப்பதே தோலுக்காக. இரண்டுக்கும் இந்த வித்தியாசம் எனக்குப் போதும், என் தோழிகள் சிலருக்குப் போதாது. நான் தோல் செருப்பு போடுவதில்லை, அதனால் என்னிடம் சிரிக்க ஒன்றுமில்லை, பாஷா பாய். டேனரி பற்றிப் பேச வேண்டுமானால் டேனரிக் கழிவு கலந்த பாலாற்றிலிருந்து தொடங்குவோம், 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

பாஷா_வாணியம்பாடி

வருகிறேன். தனி விவாதத் திரி போடுங்கள். தீர்ப்புக்குப் பிறகு சுத்திகரிப்புக்கு எவ்வளவு கட்டினோம் என்ற ரசீதோடு வருகிறேன்.

கரிகாலன்78

இந்தியா 2017இலேயே மிங்க், நரி, சின்சில்லா ஃபர் இறக்குமதியைத் தடை செய்துவிட்டது, அதையும் உங்கள் வெற்றிக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். சென்னை வெயிலில் மிங்க் கோட்டு கேட்டு யார் கடையை உடைத்தார்கள் என்றுதான் தெரியவில்லை. தம்பி சொன்ன ‘தூக்க ஆளில்லை’ என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் விலை விழுந்ததற்கு முதல் காரணம் உச்ச விலையைப் பார்த்து ஆளாளுக்குக் கூண்டைப் பெருக்கியதுதான். இதில் மாறமாட்டேன். இன்னொன்று: 1998இல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஒரு பண்ணையை உடைத்து சுமார் ஆறாயிரம் மிங்க்குகளை வெளியே விட்டார்களே உங்கள் ஆட்கள், அவை தின்று தீர்த்த பறவைகளை யார் கணக்கில் எழுதுவது?

யாழினி

அவர்கள் என் ஆட்கள் இல்லை. அது மடத்தனம். அடுத்த கேள்வி.

செல்வி_கோவை

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அண்ணன் அடுத்த மாதம் கனடா போகிறான். குளிர் ஜாக்கெட் ஆன்லைனில் வாங்கினோம். தொப்பி ஓரத்தில் ரோமம், சீட்டில் ‘செயற்கை’ என்று போட்டிருக்கிறது. விலை மிகக் குறைவு. நம்பலாமா?

பனித்துளி_டொராண்டோ

விலை குறைவு என்பதை வைத்து நம்பாதீர்கள். செயற்கை என்று விற்றதில் ரக்கூன் நாயின் ரோமம் இருந்த கதை பிரிட்டனிலேயே வெளிவந்திருக்கிறது. ரோமத்தை இரண்டாக வகிர்ந்து அடியைப் பாருங்கள். நெய்த துணி தெரிந்தால் செயற்கை, தோல் தெரிந்தால் அசல். அசலில் நீள முடிக்கு அடியில் பஞ்சு மாதிரி குட்டை முடி அடர்த்தியாக இருக்கும், முடியின் நுனி கூர்ந்து மெலியும். சந்தேகம் தீராவிட்டால் இரண்டு முடியைப் பிடுங்கி, ஜாக்கெட்டை விட்டு நன்றாகத் தள்ளி வைத்துக் கொளுத்துங்கள். அசல் என்றால் தலைமுடி கருகும் நாற்றம் வரும், பிளாஸ்டிக் உருகி உருண்டையாகும்.

செல்வி_கோவை

உருண்டைதான். யாழினி அக்கா, மைக்ரோபிளாஸ்டிக் என்று அடுத்த திரியில் திட்டாதீர்கள், பணத்தைத் திருப்பித் தரமாட்டார்களாம்.