15 தடவை வைத்தால் பாகற்காய் இறங்குமா?

வெண்ணாறு: நேற்று கல்லணை இங்கே அருள்வாக்கு சொல்லியிருந்தார்: "ஒரு பதார்த்தத்தை 15 தடவை தட்டில் வைத்தால் எந்தப் பிள்ளையும் சாப்பிடும். சாப்பிடாவிட்டால் வளர்ப்பு சரியில்லை." என் மகனுக்கு வயதே 15. அவன் பிறந்ததிலிருந்து வாரம் ஒரு நாள் எங்கள் வீட்டில் பாகற்காய். கணக்கு வாத்தியார் கொஞ்சம் விளக்கினால் தேவலை.

கல்லணை: நான் கையிலிருந்து போட்ட கணக்கு இல்லை சார். ஆராய்ச்சியில் கண்டது. 8 முதல் 15 தடவை. உங்கள் வீட்டில் பாகற்காய்க்குப் பக்கத்திலேயே அப்பளமும் இருந்திருக்கும்.

வெண்ணாறு: அப்பளத்தை இழுக்க வேண்டாம். நேற்று 15, இன்று 8 முதலா? நாளைக்கு 3 என்பீர்களா?

மாயவரத்து மருமகள்: அண்ணா, அந்த ஆராய்ச்சியெல்லாம் பெரும்பாலும் சின்னக் குழந்தைகளை வைத்துச் செய்தது. புதுசைக் கண்டால் மிரளுவதும் 2 வயதிலிருந்து 6 வயதுக்குள்தான் அதிகம், பிறகு குறையும். அதுவும் வாயில் போட்டால்தான் ஒரு தடவை. தட்டில் சும்மா கிடந்தால் கணக்கில் வராது. என் மகள் பத்தாவது. வத்தக்குழம்பில் இருக்கும் சுண்டைக்காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் புள்ளிக்கோலம் மாதிரி வைத்துவிடுவாள். வேப்பம்பூ பச்சடியோ சித்திரை முதல் நாள் மட்டும்தான். வருஷம் ஒரு தடவை என்றால் 15 தடவைக்குள் அவளுக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

கல்லணை: வாயில் போட வேண்டும் என்றுதான் நானும் சொன்னேன்.

வெண்ணாறு: சொல்லவில்லை. "தட்டில் வைத்தால்". உங்கள் வார்த்தைதான், மேலே அப்படியே கிடக்கிறது.

பிளஸ் ஒன் பையன்: எங்களைப் பற்றித்தானே பேசுகிறீர்கள், எங்களை ஒருவரும் கேட்கவில்லையே? ஷவர்மா, மோமோ, கொரியா நூடுல்ஸ் எல்லாம் நான் முதல் தடவையிலேயே சாப்பிட்டேன். புதுசுக்குப் பயமே இல்லை. நீங்கள் வைப்பதெல்லாம் பழசு. எங்கள் அப்பாவுக்கு 50 வயது, கருப்புக் கவுனிக் கஞ்சியை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டார். அவரை யார் வளர்த்தது?

வெண்ணாறு: தம்பி, உப்பும் எண்ணெயும் போட்டால் எதுவும் முதல் தடவையிலேயே இறங்கும். கசப்பு அப்படியா? கசப்பைக் கூடுதலாக உணரவைக்கும் மரபணுவே சிலருக்கு இருக்கிறது. என் மகனுக்கு அதுதான்.

மாயவரத்து மருமகள்: நீங்கள் சொல்லும் மரபணு முட்டைக்கோஸ் வகைக் கசப்புக்கு அண்ணா. பாகற்காய்க்கு அதைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

வெண்ணாறு: என் மகன் முட்டைக்கோஸும்தான் தொடமாட்டான்.

கும்பகோணத்தான்: என் மகனும் புதுசு எதையும் தொடாதவன்தான். இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கடப்பாவை மட்டும் இரண்டாவது தடவையே வழித்துச் சாப்பிட்டான். எங்கள் ஊர்க் கடப்பாவின் மகிமை.

வெண்ணாறு: தஞ்சாவூரிலும் இட்லிக்குக் கடப்பா கொடுக்கிறார்கள். உங்கள் ஊருக்கு மட்டும் என்ன பட்டாவா போட்டிருக்கிறது?

கும்பகோணத்தான்: பேரே கும்பகோணம் கடப்பா! திருவையாற்று அசோகா அல்வாவில் பாசிப்பருப்பே கிடையாது என்று ஒரு வாரம் சாதித்தவர்தானே நீங்கள்?

வெண்ணாறு: அது எழுத்துப்பிழை என்று அப்போதே சொல்லிவிட்டேன். சிலருக்கு வயலில் களை பிடுங்க நேரமில்லை, என்னிடம் மட்டும் பிடுங்க வருவார்கள்.

பிளஸ் ஒன் பையன்: கடப்பாவில் இருக்கும் உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. மிளகாயும் கப்பலேறி வந்ததுதான். உங்கள் தாத்தாவின் தாத்தா புதுசைத் தொடமாட்டேன் என்றிருந்தால் இந்தச் சண்டையே இல்லை.

வெண்ணாறு: பரீட்சை இல்லையா தம்பி உனக்கு?

கல்லணை: பையன் சொல்வதும் என் கட்சிதான். பழகினால் எல்லாம் இறங்கும்.

வெண்ணாறு: எத்தனை தடவை பழகினால்? அதைத்தானே காலையிலிருந்து கேட்கிறேன். இன்றைக்கு எங்கள் வீட்டில் பாகற்காய் பிட்லை. பருப்பு, தேங்காய், புளி எல்லாம் போட்டும் கசப்பு லேசாக எட்டிப்பார்த்தது. மகன் குழம்பை மட்டும் தொட்டுக்கொண்டு காயை எனக்குத் தள்ளிவிட்டான். உங்கள் நோட்டில் 16 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கல்லணை: காயை வாயில் போட்டானா?

வெண்ணாறு: 8-ஆ, 15-ஆ? முதலில் அதைச் சொல்லுங்கள்.

கல்லணை: போட்டானா, இல்லையா?