அடுத்த விண்வெளித் தொலைநோக்கி: இன்னொரு ஆஸ்ட்ரோசாட்டா, ஒரே ஒரு பெரிய கண்ணாடியா?

ஒளிவேகம்:
இந்தியாவின் விண்வெளித் தொலைநோக்கி ஆஸ்ட்ரோசாட் மேலே போய்ப் பத்து வருடம் தாண்டிவிட்டது (2015 செப்டம்பர் 28, ஸ்ரீஹரிகோட்டா, பிஎஸ்எல்வி சி30). ஐந்து வருடம் உழைத்தால் போதும் என்று அனுப்பினார்கள், அதையும் தாண்டி உழைத்தது, அதற்குக் கைதட்டியாகிவிட்டது. இப்போது அடுத்ததைப் பற்றிப் பேசுவோம். என் கட்சி இதுதான்: ஐந்து அறிவியல் கருவிகளை ஒரே செயற்கைக்கோளில் அடைத்த முறையை மறுபடி செய்யக் கூடாது. 1500 கிலோ சொச்சத்துக்குள் புற ஊதாவுக்கு 37.5 செ.மீ. கண்ணாடியோடு இரட்டைத் தொலைநோக்கி, ஒரு மென் எக்ஸ்ரே தொலைநோக்கி, வன் எக்ஸ்ரேவுக்கு இரண்டு விதமான டிடெக்டர், அப்புறம் வானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் ஒரு மானிட்டர். எல்லாம் இருக்கிறது, எதுவும் பெரிதாக இல்லை. ஹப்பிளின் கண்ணாடி 2.4 மீட்டர். அமெரிக்காவின் எக்ஸ்ரே தொலைநோக்கி சந்திராவின் படம் அரை ஆர்க்செகண்ட் (ஆர்க்செகண்ட் என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) வரை கூர்மை, நம் மென் எக்ஸ்ரே தொலைநோக்கியின் படமோ ஆர்க்நிமிடக் (60 ஆர்க்செகண்ட்) கணக்கில் மங்கல். இந்திய வானியற்பியல் நிறுவனம் முன்வைத்திருக்கிற ஒரு மீட்டர் கண்ணாடித் திட்டம், அந்த இன்சிஸ்ட், அதற்கு மட்டும் பணத்தைக் கொட்டுங்கள் என்கிறேன்.

நியூட்ரான் நாயகன்:
"எதுவும் பெரிதாக இல்லை" என்று எழுதும் முன் ஆஸ்ட்ரோசாட்டில் வன் எக்ஸ்ரேவை எண்ணும் லாக்ஸ்பிசி டிடெக்டரின் பரப்பைப் பார்த்திருக்கலாம் பாஸ். அமெரிக்காவின் எக்ஸ்ரே செயற்கைக்கோள் ஆர்எக்ஸ்டிஇ 2012இல் நின்றுபோன பிறகு, கருந்துளைப் பக்கத்திலிருந்து வரும் எக்ஸ்ரே நொடிக்குள் எப்படித் துடிக்கிறது என்பதை அவ்வளவு பெரிய பரப்பில் எண்ணிப் பார்க்க ஆளில்லாமல் இருந்தது. எக்ஸ்ரேயின் ஆற்றல் 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலே போனால் லாக்ஸ்பிசி அந்த ஆர்எக்ஸ்டிஇயையே மிஞ்சியது. இதற்குப் படம் கூர்மையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, ஃபோட்டான் எப்போது வந்தது என்பதுதான் வேண்டும். ஜிஆர்எஸ் 1915+105 மாதிரி, கருந்துளையும் நட்சத்திரமும் சேர்ந்த ஒரு இரட்டை அமைப்பு ஒரு மணி நேரத்தில் நாலு விதமாக மாறும், அதை எக்ஸ்ரேயில் இன்றைக்கும் புற ஊதாவில் அடுத்த வாரமும் பார்த்து ஒட்டவைத்தால் அது இரண்டு வேறு பொருளைப் பார்த்த கணக்குத்தான். எல்லாக் கருவியும் ஒரே திசையில் ஒரே நேரத்தில் பார்ப்பதுதான் ஆஸ்ட்ரோசாட்டின் உயிர்.

ஒளிவேகம்:
அதை அமெரிக்காவின் ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் 2004லிருந்தே செய்கிறதே? ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம் நியூட்டன் 1999லேயே எக்ஸ்ரேயோடு 30 செ.மீ. ஒளியியல்-புற ஊதாத் தொலைநோக்கி ஒன்றையும் ஏற்றிக்கொண்டு போனது. நாம் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி பேச வேண்டாம்.

வள்ளி_புறஊதா:
நான் புற ஊதாப் பக்கம் நிற்கிற ஆள், ஆனாலும் இங்கே ஒளிவேகம் சொல்வதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஸ்விஃப்ட், எக்ஸ்எம்எம் இரண்டின் கருவிகளும் 170, 180 நானோமீட்டருக்குக் கீழே போகாது. ஆஸ்ட்ரோசாட்டில் இருக்கிற நம் புற ஊதாத் தொலைநோக்கி யூவிஐடி 130 வரை இறங்குகிறது, படத்தின் கூர்மை ஒன்றரை ஆர்க்செகண்ட் அளவில், ஒரே தடவையில் கிட்டத்தட்ட முழு நிலா அளவு வானம். அதற்கு முன்னால் அந்தத் தொலை புற ஊதாவில் பரந்து பார்த்தது அமெரிக்காவின் கேலக்ஸ் செயற்கைக்கோள்தான், அதன் கூர்மை ஐந்து ஆர்க்செகண்டைச் சுற்றி. விண்மீன் கொத்துக்குள் போய்ப் பார்க்கிறவர்களுக்கு ஐந்துக்கும் ஒன்றரைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும், கேலக்ஸில் ஒரே கறையாகத் தெரிந்தது இதில் தனித்தனி நட்சத்திரமாகப் பிரிந்து நிற்கும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். என்ஜிசி 188 ரொம்பக் கிழட்டுக் கொத்து, அதில் இருக்கவே கூடாத இளமையான நீல நட்சத்திரங்கள் சில உண்டு, புளூ ஸ்ட்ராக்லர் என்பார்கள். பக்கத்துத் துணை நட்சத்திரத்திடமிருந்து பொருளை உறிஞ்சி இளமையானவை என்று சந்தேகம். ஆனால் சாதாரண ஒளியில் பிரகாசமான நட்சத்திரம் துணையை மறைத்துவிடும். 2016இல் யூவிஐடி படத்தில் அவற்றில் ஒன்றின் பக்கத்தில் மிகச் சூடான துணை இருப்பது பிடிபட்டது. கொடுத்தவர் யார் என்று கையும் களவுமாகத் தெரிந்த மாதிரி. இது 37.5 செ.மீ. கண்ணாடி செய்த வேலை.

வரிகட்டுபவன்:
இதெல்லாம் பூமியிலிருந்தே பார்க்க முடியாதா? காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, லடாக் ஹான்லேயில் இருக்கிறது. எதற்கு ராக்கெட் செலவு?

காவலூர்க்காரன்:
முடியாது அண்ணே. சுமார் 300 நானோமீட்டருக்குக் கீழே ஓசோன் தின்றுவிடும், அதற்கும் கீழே ஆக்சிஜனே தின்றுவிடும். காவலூரில் 2.3 என்ன, 23 மீட்டரே வைத்தாலும் 150 நானோமீட்டரில் இருட்டுத்தான். எக்ஸ்ரேயும் தரைக்கு வராது. வன் எக்ஸ்ரேவை மட்டும் ஹைதராபாத்திலிருந்து டாடா ஆராய்ச்சி நிறுவனம் பலூன் விட்டுப் பல வருடம் பார்த்தது, லாக்ஸ்பிசி செய்த கைகள் அங்கே பழகிய கைகள்தான். பலூன் சில மணி நேரம் நிற்கும், அவ்வளவே. செலவு கேட்டீர்கள், ஆஸ்ட்ரோசாட்டுக்கு ஆனதாகச் செய்திகளில் வந்தது சுமார் 178 கோடி.

இப்போது ஒளிவேகத்துக்கு. கண்ணாடி, கண்ணாடி என்கிறீர்கள். ஏயூடிஎஃப்எஸ்01 கதை தெரியும்தானே? 930 கோடி ஒளியாண்டு தூரத்துக் கேலக்ஸி. ஹப்பிள் அதிகம் உற்றுப் பார்த்த அதே துண்டு வானத்தில் இருக்கிறது. அதிலிருந்து கசியும் அயனியாக்கும் புற ஊதாவை யூவிஐடிதான் பிடித்தது, 2016 அக்டோபரில் 28 மணி நேரத்துக்கு மேல் பார்த்து, 2020இல் புனேயின் ஐயூகா வானியல் மையத்தைச் சேர்ந்த கனக் சாஹா குழு வெளியிட்டது. ஒளி சேகரிக்கும் பரப்பில் ஹப்பிள் கிட்டத்தட்ட 40 மடங்கு பெரிது. ஆனாலும் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் டிடெக்டரின் பின்னணி இரைச்சல் மிகக் குறைவு, ஃபோட்டானை ஒவ்வொன்றாக எண்ணுகிற டிடெக்டர் அது. பிரபஞ்சத்தின் ஆரம்ப இருட்டை எது நீக்கியது என்ற கேள்விக்கு இந்த மாதிரிக் கசிவுதான் துப்பு.

ஒளிவேகம்:
அருமையான உதாரணம், ஆனால் அது என் பக்க சாட்சி. அந்த 28 மணி நேரம் எப்படிக் கிடைத்தது என்று யோசியுங்கள். 650 கி.மீ. உயரத்தில் சுற்றுக்குச் சுமார் 98 நிமிடம், அதில் யூவிஐடி பார்ப்பது பூமியின் இரவுப் பக்கத்தில் மட்டும், சுற்றுக்கு அரை மணி நேரம் போல. அப்படிப் பல பல சுற்று சேர்த்தால்தான் 28 மணி. அத்தனை நேரமும் செயற்கைக்கோள் ஒரு வெறுமையான வானத்துண்டைப் பார்த்து நிற்கும், கருந்துளைக்காரர்கள் கை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முறை வந்தால் நேர்மாறு, அவர்களுடைய இலக்கு பெரும்பாலும் பால்வீதித் தளத்தில், அங்கே பிரகாசமான நட்சத்திரம் குறுக்கே இருந்தால் டிடெக்டர் கெட்டுவிடும் என்று யூவிஐடியை மூடி வைக்க வேண்டும். "ஒரே நேரத்தில் எல்லாம்" என்பது எத்தனை தடவை உண்மையில் நடந்தது?

நியூட்ரான் நாயகன்:
கை கட்டி உட்காரவில்லை. ஆஸ்ட்ரோசாட்டின் இன்னொரு வன் எக்ஸ்ரே கருவியான சிஇசட்டிஐ டிடெக்டரின் பக்கச் சுவர்கள் 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலே ஜன்னல் கண்ணாடி மாதிரி, எங்கே திரும்பியிருந்தாலும் வானத்தில் எங்கோ வெடிக்கிற காமாக் கதிர் வெடிப்பைப் பிடித்துவிடும். நண்டு நெபுலாவில் சுழலும் நியூட்ரான் நட்சத்திரமான பல்சாரின் வன் எக்ஸ்ரே எவ்வளவு முனைவாக்கம் (அலைகள் ஒரே திசையில் அதிர்வது) பெற்றிருக்கிறது, பல்சாரின் சுழற்சியில் அது எப்படி மாறுகிறது என்று 2017இல் சொன்னதும் இதுதான். அந்தப் பாதையில்தான் 2024 ஜனவரி 1 அன்று இஸ்ரோவின் எக்ஸ்போசாட் செயற்கைக்கோள் போனது.

ஒளிவேகம்:
அதேதான்! எக்ஸ்போசாட் எக்ஸ்ரேவுக்கு மட்டும், அதிலும் முனைவாக்கத்தை மையமாக வைத்து. எக்ஸ்ரேவுக்குத் தனி வீடு கட்டியாயிற்று, புற ஊதாவுக்கும் தனி வீடு கட்டுங்கள் என்றால் ஏன் கோபம்?

வள்ளி_புறஊதா:
கோபம் இல்லை, பயம். 2018இல் யூவிஐடியின் அண்மைப் புற ஊதாப் பகுதி செத்துப்போனது. அதே வருடம் லாக்ஸ்பிசியில் ஒன்று வாயுக் கசிவால் மூடப்பட்டது. ஆனாலும் தொலை புற ஊதா ஓடியது, மென் எக்ஸ்ரே ஓடியது, மற்றது ஓடியது. ஒரே கருவியோடு போய் அது செத்திருந்தால்? ஒரு மீட்டர் கண்ணாடி என்றால் ஒளி ஏழு மடங்கு, எனக்கும் ஆசைதான், அதில் நிறமாலை எடுக்கும் வசதியும் வேண்டும். ஆனால் டிடெக்டரை இரண்டாக வையுங்கள். போன தடவை அதைக் கனடா கொடுத்தது, அடுத்ததையாவது இங்கேயே செய்யக் கற்றுக்கொள்ளுங்கள், தூசு விழாமல் கண்ணாடியைச் சேர்க்க பெங்களூரு பக்கத்தில் ஹோஸ்கோட்டேயில் ஆய்வகம் இருக்கிறது. ஒரு துளி எண்ணெய்ப் படலம் ஒட்டினாலும் 130 நானோமீட்டரில் கண்ணாடி குருடு, இதைப் பற்றி இங்கே யாரும் பேசவே இல்லை.

காவலூர்க்காரன்:
இன்னொன்று. ஏழு மடங்கு ஒளி என்றால் பிரகாசமான நட்சத்திரப் பிரச்சினையும் ஏழு மடங்கு. ஒளிவேகம் தம்பி, நம் பக்கத்துச் சின்னக் கேலக்ஸிகளான மெகலானிக் மேகங்களில் பாதி இடத்தை எட்டிக்கூடப் பார்க்க முடியாமல் போகலாம், அதற்கு என்ன வழி?

ஒளிவேகம்:
வடிகட்டி போடுங்கள், டிடெக்டரை மாற்றுங்கள். அது பொறியியல், தீரக்கூடியது. சரி, இவ்வளவு கேட்டதால் ஒரு சமரசம்: ஒரு மீட்டர் கண்ணாடி, பக்கத்தில் வேண்டுமானால் ஒரு சின்ன எக்ஸ்ரே டிடெக்டர், மாறும் பொருட்களை ஒன்றாகப் பார்க்க.

நியூட்ரான் நாயகன்:
அதற்குப் பெயர் ஆஸ்ட்ரோசாட் பாஸ்.

ஒளிவேகம்:
இல்லை. ஆஸ்ட்ரோசாட்டில் ஐந்து பேரும் சம பங்காளி. நான் சொல்வதில் எங்கே பார்ப்பது, எத்தனை நாள் பார்ப்பது என்பதைப் புற ஊதாக்காரர்தான் முடிவு செய்வார், எக்ஸ்ரேக்காரர் கூட வருவார். இதற்கு ஒத்துக்கொண்டால் மேலே பேசலாம்.